வண்ணம் திறந்த வாய்

நாம் வாழும் ஜாதவ்பூர், 1947 பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்க அகதிகள் குடியேறிய பகுதியாகும். அண்டை வீட்டு மூதாட்டியார் சிறுமியாய்ச் சியால்தா நடைமேடையில் நாட்கள் கழித்தவர். விட்டு வந்த ஊரைப்பற்றி வாய் திறவார். சென்ற மாதம் நம் குழந்தையின் வண்ணக்குச்சியை வாங்கி ஓர் ஓடம் வரைந்தார்; பிறகு பேசலானார்.

டெரெசின் நாஜி முகாமில் பிரீடல் டிக்கர் பிராண்டைஸ் அம்மையார் சிறைப்பட்ட குழந்தைகளை ஒன்றுகூட்டி வரையச் செய்தார். 1944-இல் ஆஷ்விட்சில் அவர் கொல்லப்பட்டார். அச்சித்திரங்களோ பிராகா நகர யூதப் பொருட்காட்சி சாலையில் வாழ்கின்றன. மான்ட்ரியல் நுண்கலைக் காட்சி சாலை இன்று ஓவிய வழிச் சிகிச்சைக்கென இடமே ஒதுக்கியுள்ளது.

1814-இல் தோன்றிய இந்தியப் பொருட்காட்சி சாலை நம் நகரிலேயே உளது. அனுமதி பெற்று, ஒரு ஞாயிறன்று இம்முதியோரை நம் சங்கம் அங்கே அழைத்துச் செல்லலாகாதா? தாளும் வண்ணமும் நாம் தருவோம். காலம் தாழ்த்தினால், கேட்க நாம் இருப்போம். சொல்ல அவர்கள் இரார்.