பாவுகற்களுக்கு அடியில் இடுவது எது?

சிற்றூர்த் தெருக்களிலும், பள்ளி முற்றங்களிலும், சுகாதார நிலையங்களின் நடைபாதைகளிலும், வீட்டு வாயிலிலிருந்து வண்டி நிறுத்துமிடம் வரையிலும், பேவர் பிளாக் என்று யாவரும் அழைக்கும் சிமெண்டுப் பாவுகற்கள் இன்று பெருமளவில் பதிக்கப்பட்டு வருகின்றன. இவற்றால் புழுதி அடங்குகிறது, சேறு குறைகிறது. பதித்த அன்றே நடமாடலாம். பழுதுற்ற கல்லை மட்டும் பெயர்த்து மாற்றலாம். இத்தனை வசதிகள் இருந்தும், இரண்டு மழைக்காலம் கடப்பதற்குள் பல இடங்களில் தரை ஓரிடத்தில் அமிழ்ந்தும் மற்றோரிடத்தில் மேடிட்டும் போய்விடுகிறது. பள்ளங்களில் நீர் தேங்குகிறது. முதியோர் கால் இடறி விழுகின்றனர். கல் மட்டம் என்று ஊரார் முடிவு செய்கின்றனர், அடுத்த ஆண்டு இன்னும் கனமான கல் வாங்கப்படுகிறது, அதுவும் அமிழ்கிறது.

கல்லின் மீது சுமத்தப்படும் இப்பழி பெரும்பாலும் பொருந்தாது. கல்லுக்குத் தெளிவான தர நிர்ணயம் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2006-இல் வெளியிட்ட ஐ.எஸ். 15658 என்னும் நிர்ணயம், வாகனம் செல்லாத இடங்களுக்கு 50 மி.மீ., இலேசான போக்குவரத்திற்கு 60 மி.மீ., நடுத்தரப் போக்குவரத்திற்கு 80 மி.மீ. என்று கல்லின் கனத்தை வகுத்தது. ஆய்வுக்கூடத்தில் கல்லை நசுக்கி அதன் வலிமையை அளந்துவிடலாம். ஆனால் கல்லுக்கு அடியில் இடப்படும் பொருள் எது, எவ்வளவு, எவ்வாறு கெட்டிப்படுத்தப்பட்டது என்பதைக் கேட்போர் சிலரே. கல் மூடியபின் அதைக் காணவும் இயலாது. அடிப்பொருளை ஒவ்வோரிடத்தின் மண்ணையும் நீரோட்டத்தையும் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு மதிப்பீட்டிலிருந்து மற்றொன்றிற்கு அப்படியே நகல் எடுக்கலாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சுமை எங்கே செல்கிறது?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெதர்லாந்தில் செங்கல் கிடைப்பது அரிதாயிற்று. அதுவரை செங்கல் பாவிய தெருக்களில் சிமெண்டுக் கற்களைப் பாவத் தொடங்கினர். அந்நாட்டின் நிலம் தாழ்ந்தது, ஈரமானது, அமிழக்கூடியது. நிலம் சிறிது இறங்கினால் கற்களைப் பெயர்த்து, அடியைச் சீர்ப்படுத்தி, அதே கற்களை மீண்டும் பதிக்கலாம் என்பதே இம்முறையின் பெருஞ் சிறப்பு.

பாவுகல் தன் மீது வரும் சுமையைத் தானே தாங்கி நிறுத்திக்கொள்வதில்லை. இடுக்குகளில் நிரப்பிய மணலின் வழியே அண்டைக் கற்களுக்கு ஒரு பங்கைப் பகிர்ந்து, மிகுதியைக் கீழே அனுப்புகிறது. கீழுள்ள ஜல்லிப் படுகை அச்சுமையைப் பரப்பி மண்ணிடம் சேர்க்கிறது. இறுதியில் சுமப்பது நிலமே. ஸ்காட்லாந்து நாட்டவரான ஜான் லௌடன் மெக்காடம் (1756–1836) இவ்வுண்மையை வற்புறுத்தினார். இயற்கை மண்ணே வண்டிகளின் பாரத்தைத் தாங்குகிறது, அதை உலர்ந்த நிலையில் வைத்திருப்பதே சாலையமைப்போரின் முதற்கடமை என்பது அவர் கொள்கை. சிறிய உடைகற்களை நெருக்கமாக இட்டு அவர் அமைத்த சாலைகள் அவர் பெயராலேயே வழங்கலாயின. ஆகவே அடிப்பொருளைப் பற்றிய வினா, வலிமையைப் பற்றிய வினாவாக இருக்கும் அளவுக்கு நீரைப் பற்றிய வினாவும் ஆகும்.

நான்கு அடுக்குகள், ஒரே சொல்

விஞ்ஞானக் குறிப்புகளைத் தமிழாக்கும் பணியில் உள்ளவன் என்ற முறையில் இங்கு ஒன்று கூற விரும்புகிறேன். பொறியியல் நூல்கள் சப்கிரேடு, சப்-பேஸ், பேஸ், பெட்டிங் என்று நான்கு அடுக்குகளை வேறுபடுத்திக் காட்டுகின்றன. தமிழில் எழுதும்போது இந்நான்கும் பல சமயங்களில் அடித்தளம் என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. அடித்தளத்தில் மணல் இடுக என்று ஒரு குறிப்பில் கண்டால், கொத்தனார் அரை அடி மணலைக் கொட்டிக் கல்லைப் பதிப்பதில் வியப்பில்லை. இது சொல்லாராய்ச்சியோடு நிற்கும் குறை அன்று. பொதுப்பணம் மண்ணுக்குள் போகும் வழியும் ஆகும்.

ஆதலால் நான்கு சொற்களை வேறு வேறாகவே வழங்குதல் நலம். இயற்கையாக உள்ளது நிலமண். அதன்மேல் தேவைப்படும் இடத்தில் இடும் சரளை, கீழ்ப்படுகை. சுமையைப் பரப்பும் உடைகல் அடுக்கு, தாங்குபடுகை. கல்லைச் சமமாக அமர்த்துவதற்கு மட்டும் இடும் மெல்லிய அடுக்கு, மணற்படுக்கை. இம்மணற்படுக்கை கெட்டிப்பட்டபின் 20 முதல் 40 மி.மீ. வரையே இருத்தல் வேண்டும். தாங்குபடுகையின் மேடு பள்ளத்தை மணலால் நிரப்பி மட்டம் காட்டும் வழக்கம் எங்கும் உள்ளது. மணல் கனத்துள்ள இடமே முதலில் அமிழும்.

எப்பொருளை இடுவது?

தாங்குபடுகைக்கு நம் நாட்டில் கையாளப்படும் பொருள்களை மூன்று வகையாகக் கொள்ளலாம்.

முதல் வகை, பெரியதும் சிறியதுமான ஜல்லியும் தூளும் தக்க விகிதத்தில் கலந்தது. சரியான அளவு நீர் தெளித்து உருளையிட்டால் இது நெருங்கி இறுகுகிறது. ஈரம் குறைந்தாலும் மிகுந்தாலும் மண் நன்கு இறுகாது என்பதையும், இறுகுவதற்கு உகந்த ஈரம் ஒன்று உண்டு என்பதையும் அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் 1933-இல் விளக்கினார். இவ்விதி இவ்வகைக் கலவைக்கும் பொருந்தும். நடைபாதைக்கு 100 மி.மீ., சிறு வண்டிகள் செல்லும் வழிக்கு 150 மி.மீ. என்பது நீர் வடியும் நல்ல நிலத்தில் குறைந்த அளவு. இளகிய மண்ணில் இதைக் கூட்ட வேண்டும்.

இரண்டாம் வகை, தூள் இல்லாத ஒரே அளவு ஜல்லி. இதன் இடைவெளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 300 மி.மீ. ஆழத்தில் இட்டால் சுமார் 100 மி.மீ. மழையை அது தன்னுள் தாங்கி, மெல்ல மண்ணுக்குள் விடும். நிலத்தடி நீர் குறைந்துவரும் நகரங்களில் இது பெரிதும் விரும்பத்தக்கது. ஆனால் இதன்மேல் மணலை இடலாகாது. மணல் இடைவெளிகளில் இறங்கிவிடும். சிறு ஜல்லிச் சில்லுகளையே படுக்கையாக இட வேண்டும்.

மூன்றாம் வகை கான்கிரீட். கான்கிரீட்டைவிட உறுதியானது வேறென்ன என்று கேட்போர் பலர். கனரக வண்டிகள் செல்லும் இடத்தில் அதற்குத் தேவை இருக்கலாம். ஆயினும் கல்லிடுக்குகள் வழியே இறங்கும் நீர் கான்கிரீட்டின் மேல் தேங்கி நிற்கும். சக்கரம் அழுத்துந்தோறும் நனைந்த மணல் குழம்பாகி வெளியேறும். வடிதுளைகள் விடாத கான்கிரீட் இவ்வாறு கல்லுக்குப் பகையாகிவிடுகிறது. 2019-இல் ஜல் ஜீவன் இயக்கம் தொடங்கிய பின் எத்தனையோ சிற்றூர்த் தெருக்கள் குழாய் பதிப்பதற்காகத் தோண்டப்பட்டன. பெயர்த்துப் பதிக்கலாம் என்பதற்காகவே பாவுகல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அடியில் பெயர்க்கவொண்ணாத பாளத்தை இடுவது பொருத்தமன்று.

குவாரிகளில் மிஞ்சும் கல்தூளை மணலுக்குப் பதிலாக இடும் வழக்கமும் பரவியுள்ளது. கல்லை உடைத்துச் சலித்துக் கழுவி எடுக்கும் எம்-சாண்டு வேறு. கழிவாகக் குவியும் கல்தூள் வேறு. பின்னதில் மாவு போன்ற நுண்பொடி மிகுதி. அது நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஈரத்தில் இளகும். விலை குறைவு என்பதற்காக அதை மணற்படுக்கைக்குக் கொள்ளுதல் தவறு.

மண்ணுக்கேற்ற தேர்வு

ஒரே பட்டியல் நாடெங்கும் ஏன் செல்லாது என்பதற்கு நம் நாட்டு மண்வகைகளே சான்று.

தக்காணத்துக் கரிசல் மண் நனைந்தால் உப்பி, உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும் இயல்புடையது. நீரை உள்ளே விடும் திறந்த ஜல்லியை இதன்மேல் இடுவது கேட்டை வரவழைப்பதாகும். மேல்மண்ணை அகற்றி உப்பாத சரளையை நிரப்புதல், அல்லது சுண்ணாம்பு கலந்து மண்ணைத் திருத்துதல், அதன்மேல் நெருங்கிய கலவையை இட்டு இருபுறமும் வடிகால் அமைத்தல் ஆகியவையே இங்கு ஏற்றவை.

கங்கைச் சமவெளியில் கருங்கல் தொலைவிலிருந்து வரவேண்டும். செங்கல்லைப் பாவியும் உடைத்து ஜல்லியாக்கியும் பயன்படுத்தும் மரபு அங்கு உண்டு. முற்றச் சுட்ட செங்கல்லே இதற்கு உதவும்; அரைவேக்காடு நீரில் கரையும். மேலும், அங்குள்ள நுண்ணிய வண்டல் நனையும்போது ஜல்லியின் இடைவெளிகளில் ஏறிவிடும். இதைத் தடுக்க நிலமண்ணுக்கும் ஜல்லிக்கும் இடையே துணி போன்ற புவிநெசவு விரிப்பையோ மணல் அடுக்கையோ இடுதல் வேண்டும்.

கொங்கணத்திலும் கேரளத்திலும் மழை மிகுதி. செம்பாறை மண் பெரும்பாலும் நீரை உள்வாங்கும். அத்தகைய இடத்தில் திறந்த ஜல்லிப் படுகை நல்ல பயன் தரும். லடாக் போன்ற உறைபனிப் பிரதேசங்களிலோ, நுண்பொடி மிகுந்த படுகையில் தங்கும் ஈரம் பனிக்கட்டியாகித் தரையையே மேலே தூக்கும். அங்கு நுண்பொடி குறைந்த ஜல்லியும் விரைந்த வடிகாலும் இன்றியமையாதவை.

செலவு பற்றிய ஆட்சேபம்

ஒவ்வோரிடத்திலும் மண்ணைச் சோதித்துப் பொருளைத் தேர்ந்தெடுப்பது சிற்றூராட்சிக்குக் கட்டுபடியாகுமா என்று கேட்கலாம். ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் இருமுறை பதிக்கும் செலவை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கல்லின் கனத்தை 60-இலிருந்து 80 மி.மீ. ஆக்க ஒதுக்கும் பணத்தைத் தாங்குபடுகைக்கும் வடிகாலுக்கும் செலவிட்டால், நடைபாதை போன்ற இடங்களில் மிகுந்த பயன் விளையும். அன்றியும், எல்லாப் பொருளும் மலையை உடைத்தே வரவேண்டும் என்பதில்லை. இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டை உடைத்துச் சலித்துப் பெறும் ஜல்லிக்கு ஐ.எஸ். 383-இன் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது. டில்லியின் புராரியில் 2009 முதலே அத்தகைய ஆலை இயங்கத் தொடங்கியது. மண்ணும் மரத்துண்டும் நீக்கிச் சலித்த பொருளாயின், நடைபாதையின் படுகைக்கு அது தகுதியுடையதே.

களத்திலும் வகுப்பறையிலும்

கள ஊழியர் மூன்று செய்திகளை வற்புறுத்துதல் போதும். தாங்குபடுகையை ஒரே தடவையில் கொட்டாமல் அடுக்கடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் உருளையாலோ அதிர்வு இயந்திரத்தாலோ, அவை செல்லாத மூலைகளில் திமிசுக்கட்டையாலோ இறுக்கச் செய்தல் முதலாவது. தாங்குபடுகையிலேயே 50-க்கு 1 வீதம் வாட்டம் அமைத்தல் இரண்டாவது. கற்கள் பக்கவாட்டில் நகராதபடி ஓரக்கல் பதித்தல் மூன்றாவது. குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தை மூடும்போதும் முதல் விதி அப்படியே பொருந்தும்.

ஆசிரியர்களுக்கு இதில் நல்லதொரு செய்முறைப் பாடம் இருக்கிறது. 425 மைக்ரான் சல்லடையில் சலித்து உலர்த்திய மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. அளவு ஜாடிகளில் இடுக. ஒன்றில் காய்ச்சி வடித்த நீரையும் மற்றொன்றில் மண்ணெண்ணெயையும் 100 மி.லி. குறி வரை நிரப்பிக் காற்றுக் குமிழிகள் நீங்கக் கலக்கி, ஒரு நாள் வைத்துப் பார்க்க. மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அங்கு 10 மி.லி., நீரில் 16 மி.லி. என்று மண்ணின் பருமன் நின்றால் உப்பும் அளவு 60 சதவீதம் ஆகும். 50 சதவீதத்திற்கு மேல் உப்பும் களிமண்ணை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு சாலை நிரப்பும் பொருளாக ஏற்பதில்லை. தங்கள் பள்ளி முற்றத்து மண்ணைப் பற்றி மாணவர்களே இவ்வாறு அறிக்கை தரலாம். இரண்டு புட்டிகளின் அடியில் துளையிட்டுத் துணி கட்டி, ஒன்றில் கல்தூளையும் மற்றொன்றில் பருமணலையும் நிரப்பி நீர் ஊற்றினால், எது விரைவில் வடிகட்டுகிறது என்பதைச் சிறு பிள்ளைகளும் கண்டுகொள்வர்.

இறுதியாக ஒரு யோசனை. பணிக்கான பணம் மேற்பரப்பின் சதுர மீட்டரைக் கணக்கிட்டுத் தரப்படுகிறது. ஆயுளோ கண்ணுக்கு மறைந்த பகுதியில் இருக்கிறது. ஆதலால் கல் பதிப்பதற்கு முன், தாங்குபடுகை திறந்து கிடக்கும் ஒரு நாளை ஊருக்கு முன்னறிவித்தல் வேண்டும். பொறியாளர் அளவுப் புத்தகத்தில் கையெழுத்திடும் அந்நேரத்தில், தலைமையாசிரியரும் ஊராட்சி உறுப்பினரும் அங்கு நின்று, ஒரு கோலால் ஆழத்தை அளந்து, ஒரு குடம் நீரை ஊற்றி அது எத்திசை ஓடுகிறது என்று பார்க்கட்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. அப்படிப் பார்த்து மூடிய தரையில் பிள்ளைகளும் முதியோரும் பல ஆண்டுகள் அச்சமின்றி நடக்கலாம்.