மன அழுத்தம் ஈமானின் குறைவன்று

 

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் கடலூருக்கு அழைத்துச் செல்ல நாம் தயங்குவதில்லை. உறக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று ஒருவர் சொன்னால் மட்டும், “ஈமான் குறைந்துவிட்டது” என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர் பலர். அத்தீர்ப்பு மார்க்கத்திற்கும் பொருந்தாது, மருத்துவத்திற்கும் பொருந்தாது.

மகனைப் பிரிந்த துயரில் யஃகூப் நபி (அலை) அவர்கள் பார்வையையே இழந்தார்கள். கதீஜா நாயகியும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு ‘துயர ஆண்டு’ என்றே ஸீறா நூல்களில் பெயர் பெற்றது. நபிமார்களின் உள்ளங்களே துயரால் கனத்திருக்க, சாமானியரின் வாட்டத்தை இறைநம்பிக்கையின் குறைவென்று எவ்வாறு கூற இயலும்?

ஆபத்து நேரும்போது உடலில் அட்ரினலின், கார்டிசால் ஆகிய சுரப்புகள் பெருகுகின்றன. இதயத் துடிப்பு விரைகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ஆபத்து நீங்கியதும் யாவும் தணிந்துவிடும். கவலை மாதக்கணக்கில் நீடித்தாலோ உடல் தணிவதற்கு வாய்ப்பே இல்லாமற் போகிறது. உறக்கம் கெடுகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, நீரிழிவு கட்டுக்கு அடங்க மறுக்கிறது.

நம் மாவட்டத்து மக்கள் 2004இல் சுனாமியையும், 2011இல் தானே புயலையும், 2015இல் பெருவெள்ளத்தையும் கண்டவர்கள். இவற்றோடு வளைகுடாவில் தனித்து உழைக்கும் ஆண்களின் ஏக்கமும், இங்கே பிள்ளைகளையும் முதியோரையும் தனியே சுமக்கும் பெண்களின் களைப்பும் உண்டு. கடன் தவணையும் கைக்கூலியும் ஆடம்பரத் திருமணங்களும் நாமே ஏற்றிவைத்த சுமைகள். இவற்றைக் குறைக்காமல், “பொறுமையாக இருங்கள்” என்று மட்டும் உபதேசிப்பது நீதியாகாது.

மருத்துவத்தைப் புறக்கணித்தால் விளைவது என்ன என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். பின்னாளில் அதே ஏர்வாடியில் துஆவோடு மருந்தும் அளிக்கும் ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்பிக்கப்பட்ட சமுதாயத்திற்கு இதுவே உரிய வழி.

இஷாவுக்குப் பின் கைப்பேசியை ஒதுக்கிவிட்டு உரிய நேரத்தில் உறங்குதல், ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேரம் நடத்தல், நம்பகமான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுதல் ஆகியவை எளியவை, பயன் தருபவை. தொழுகையும் திக்ரும் உள்ளத்திற்கு அமைதி தரும் என்பதில் நமக்கு ஐயமில்லை. இரண்டு வாரங்களுக்கு மேலும் வாட்டம் நீங்காவிடில் மருத்துவரை நாடுவதே முறை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் இலவசத் தொலைபேசியில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அந்த எண்ணை ஒவ்வொரு பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையிலும் ஜமாஅத்தினர் எழுதிவைக்க வேண்டும். ஜும்ஆ உரையில் இமாம்கள் ஒருமுறையேனும் இதைக் குறித்துப் பேச வேண்டும். பள்ளிக்கு வராத பெண்களிடமும் இச்செய்தி சென்று சேர வேண்டும். துயருற்றவரிடம் தீர்ப்புக் கூறாமல் செவிமடுப்பதும் ஒரு ஸதக்காவே.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களுக்கும் உடல்களுக்கும் ஆஃபியத்தை வழங்குவானாக! ஆமீன்.