ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் எதற்கு?

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 13:1-3, 18:24-26



இறையியல் கல்விக்கான காணிக்கையைக் குறித்துச் சென்ற வாரம் நம் சேகரக் குழுவில் பேச்சு எழுந்தது. இறையியல் கல்லூரி ஒன்றில் ஒரே பாடத்தை இரண்டு ஆசிரியர்கள் ஒரே வகுப்பறையில் சேர்ந்து நடத்தப்போகிறார்கள் என்ற செய்தியை ஒருவர் எடுத்துரைத்தார். "ஒரு வகுப்புக்கு இரண்டு சம்பளமா? ஐயா, நம் காணிக்கை இப்படியா செலவாக வேண்டும்?" என்று நம் மதிப்புக்குரிய மூப்பர் ஒருவர் கேட்டார். பலர் தலையசைத்தார்கள். நான் மறுமொழி சொல்லாமல் இருந்துவிட்டேன். அந்த மௌனம் தவறு என்று வீடு திரும்பியபின் உணர்ந்தேன். ஆகவே இந்த வாரத் தியானத்தை அந்தக் கேள்விக்கு விடையாகவே எழுதுகிறேன். அந்த இரண்டாம் ஆசிரியருக்காகும் செலவைவிட, அவர் இல்லாததால் சபை செலுத்திவரும் விலை மிகப் பெரியது என்பதே என் வாதம்.

அந்த விலையை நான் முதன்முதலில் கண்டது என் முதல் சேகரத்தில். அங்கே பொறுப்பேற்று ஓராண்டுகூட நிறைவுபெறவில்லை. ஓர் அதிகாலையில் கிராமச் சபையிலிருந்து ஆள் வந்தது. கடன் தொல்லை தாளாமல் இளைஞன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தான். நான் சென்றபோது அவனுடைய தாய் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஐயா, எம்புள்ள இப்ப எங்க இருக்கான்?" என்று கேட்டார். அவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கலாமா என்று வாசலுக்கு வெளியே மூப்பர்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

என்னிடம் அப்போது நான்கு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. பழைய ஏற்பாட்டு நோட்டில், யோபு தான் பிறந்த நாளைச் சபித்ததும், எலியா சூரைச்செடியின் கீழ் அமர்ந்து சாவை வேண்டியதும் இருந்தன. அறநெறி நோட்டில், தற்கொலைக்கு எதிராக அகுஸ்தீன் முன்வைத்த வாதங்கள் இருந்தன. திருச்சபை வரலாற்று நோட்டில், தற்கொலை செய்துகொண்டோருக்குத் திருச்சபை அடக்க ஆராதனையை மறுத்துவந்த நூற்றாண்டுகள் இருந்தன. ஆலோசனைப் பணி நோட்டில், துயரப்படுவோர் அருகே எப்படி அமர வேண்டும் என்ற பாடம் இருந்தது. நான்கிலும் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தேன். நான்கு ஆசிரியர்களும் புலமை மிக்கவர்கள். ஆனால் அந்த நால்வரில் இருவரேனும் ஒரே வகுப்பறையில் நின்று ஒருவரையொருவர் கேள்வி கேட்டதை நான் ஒருநாளும் கண்டதில்லை. அந்தத் தாயோ நான்கு பாடங்களையும் ஒரே கேள்வியில் கேட்டார்.

எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்று நான் ஏதோ முணுமுணுத்தேன். அவனை வேலியோரத்தில் அடக்கம் செய்தார்கள், நான் தடுக்கவில்லை. அந்தத் தாய் அதன்பின் ஆலயத்துக்கு வரவேயில்லை. குற்றம் என்னுடையது, அதை என் ஆசிரியர்கள்மேல் சுமத்த மாட்டேன். ஆயினும், அறிவைத் துண்டு துண்டாகப் பெற்றவன் துண்டு துண்டாகவே ஊழியம் செய்வான் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

கூடிக் கற்பித்தல் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். திங்கட்கிழமை ஒருவர், செவ்வாய்க்கிழமை மற்றொருவர் என்று முறை வைத்து வந்து போவது கூடிக் கற்பித்தல் ஆகாது. அது வேலைப் பங்கீடு மட்டுமே. மெய்யான கூடிக் கற்பித்தலில் இருவரும் பாடத்தை ஒன்றாகத் திட்டமிடுகிறார்கள். ஒரே வேளையில் மாணவர்முன் அமர்கிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் செவிகொடுக்கிறார், வினவுகிறார், வேறுபடும் இடத்தில் வேறுபடுகிறார். விடைத்தாள்களையும் இருவரும் சேர்ந்தே திருத்துகிறார்கள். யோபுவின் புத்தகத்தை எபிரெய மொழி அறிந்தவரும், மரணப் படுக்கைகளின் அருகே ஆண்டுக்கணக்கில் அமர்ந்தவரும் இணைந்து நடத்தியிருந்தால், அந்த வாசலில் என் நாவு அவ்வளவு வறண்டிருக்காது.

இது மேற்கத்தியரின் புதுமை என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்தியோகியா சபையைப் பாருங்கள். அங்கே போதகர்களும் தீர்க்கதரிசிகளுமாக ஐவரின் பெயர்களை லூக்கா வரிசைப்படுத்துகிறார். சீப்புருத் தீவைச் சேர்ந்த லேவியனான பர்னபா, நீகர் என்று அழைக்கப்பட்ட சிமியோன், வட ஆப்பிரிக்காவின் சிரேனே ஊரைச் சேர்ந்த லூகி, ஏரோதோடு வளர்ந்த மனாயீன், ஒரு காலத்தில் சபையைத் துன்புறுத்திய சவுல். பிறப்பிலும் வளர்ப்பிலும் இவ்வளவு வேறுபட்ட ஐவரை ஒரே சபை தன் போதகர்களாகக் கொண்டிருந்தது. புறஜாதியாரிடம் ஊழியர்களை அனுப்பும்படி ஆவியானவர் அவர்கள் நடுவில்தான் கட்டளையிட்டார். எருசலேமில் எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசித்தபோதும் அவர் தனித்து விளக்கவில்லை. ஜனங்களுக்கு விளங்கப்பண்ணின பதின்மூன்று பேரின் பெயர்களை நெகேமியா 8:7 பதிவு செய்திருக்கிறது. சொல்வன்மை மிக்க அப்பொல்லோவின் குறைவை நிறைவாக்கியவர்கள் கூடாரத் தொழிலாளிகளான ஒரு கணவனும் மனைவியும். இறையியல் கல்லூரிகளில் பெண் பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து கற்பிக்கத் தயங்குவோர் ஆக்கில்லா பிரிஸ்கில்லாளின் வீட்டை ஒருமுறை எட்டிப்பார்க்கட்டும்.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது: "ஆசிரியர்கள் இருவர் மாறுபட்டுப் பேசினால் மாணவர் குழம்பிப்போவார்களே?" இதே அச்சம் இரண்டாம் நூற்றாண்டிலும் இருந்தது. தாத்தியான் என்பவர் நான்கு சுவிசேஷங்களையும் பிசைந்து ஒரே வரலாறாக்கினார். சீரிய மொழிச் சபைகள் அந்நூலை ஐந்தாம் நூற்றாண்டு வரை ஆராதனையில் பயன்படுத்தின. வாசிக்க எளிது, முரண்பாடு இல்லை. ஆயினும் திருச்சபை அதை ஒதுக்கிவிட்டு, மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நால்வரையும் அவரவர் குரலோடு வைத்துக்கொண்டது. நம் ஆண்டவரைப் பற்றிய சாட்சியையே நான்கு பேர் மூலமாய்ப் பெற்ற நாம், இரண்டு பேராசிரியர்களைக் கண்டு அஞ்சுவானேன்? மேலும், மாணவன் குழம்ப வேண்டிய இடம் வகுப்பறைதான். அங்கே குழம்பித் தெளியாதவன் துக்க வீட்டில் குழம்புவான்.

இரண்டாவது: "ஆசிரியரை இன்னொருவர் மாணவர்முன் மறுத்துப் பேசினால் மரியாதை என்னாவது? குருவின் பாதத்தருகே அமர்ந்து கற்பதே நம் மரபு." பவுலும் கமாலியேலின் பாதத்தருகே கற்றவர்தான். ஆயினும் அதே பவுல், அந்தியோகியாவில் பேதுருவை முகமுகமாய் எதிர்த்ததைக் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் எழுதிவைத்தார். அதனால் பேதுரு சிறுமைப்படவில்லை. புறஜாதி விசுவாசிகள் பந்தியில் தங்கள் இடத்தைக் காத்துக்கொண்டார்கள். போதகர் என்ற பட்டத்தை நாடாதபடி சீஷர்களை எச்சரித்தபோது, ஆண்டவர் அவர்களைச் சகோதரர் என்று அழைத்தார் (மத்தேயு 23:8). தன் ஆசிரியர் "இதில் நீங்கள் சொல்வதே சரி" என்று உடன் ஆசிரியரிடம் ஒப்புக்கொள்வதைக் கண்ட மாணவன், நாளை சேகரக் குழுவில் தன் தவறை ஒப்புக்கொள்ள வெட்கப்படமாட்டான். அதைக் காணாதவனோ, தன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவரைப் பிசாசின் கையாள் என்று பிரசங்கபீடத்திலிருந்தே சாடுவான். அப்படிப்பட்டவர்களை நாம் அறியாதவர்களா? அந்த விதை எங்கே விதைக்கப்பட்டது என்று என்றேனும் கேட்டோமா?

மூன்றாவது மறுப்பு பணம். அது பொய்யான மறுப்பு அல்ல. சிறிய கல்லூரிகளில் ஆசிரியர் பற்றாக்குறை உண்மை. ஆனால் பாடங்களின் எண்ணிக்கையைக் குறைத்து ஆழத்தைக் கூட்டலாம். இரண்டாம் ஆசிரியர் முழுநேரப் பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நாற்பது ஆண்டு கிராம ஊழியம் செய்து ஓய்வுபெற்ற போதகர், மனநல மருத்துவர், நம் ஆலயத்தின் ஐந்தாம் வரிசையில் அமரும் செவிலியர், இவர்களும் அந்த மேசைக்கு உரியவர்களே.

கூடி உழைப்பதை இந்திய இறையியல் கல்வி எங்கிருந்தோ கடன் வாங்க வேண்டியதில்லை. செராம்பூர்க் கல்லூரியை 1818இல் நிறுவியவர்கள் மூவர். வில்லியம் கேரி செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து வந்தவர்; ஜோசுவா மார்ஷ்மன் பள்ளி ஆசிரியர்; வில்லியம் வார்டு அச்சுத் தொழிலாளி. தங்கள் வருமானத்தைப் பொதுவில் வைத்து வாழ்ந்த அந்த மூவரும் ஒருவர் திறனை மற்றவர் திறனோடு பிணைத்தார்கள். இந்தியாவின் பல இறையியல் கல்லூரிகளில் இன்று பெறப்படும் பட்டங்கள் செராம்பூரின் பெயரைத் தாங்கியவை. உங்கள் கையிலுள்ள தமிழ் வேதாகமத்தையும் எண்ணிப்பாருங்கள். 1871இல் வெளிவந்த அந்தத் திருப்புதல், ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு கூடி ஆராய்ந்து செம்மைப்படுத்தியது. ஒரு வசனத்துக்குப் பல கண்கள் தேவைப்பட்டன என்றால், அவ்வசனத்தைப் போதிக்க ஒரு வாய் போதும் என்பது என்ன நியாயம்?

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பலர் கூடினாலே ஞானம் பிறந்துவிடாது. யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் மூவர். ஏழு நாள் வாய்திறவாமல் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாய் இருந்தார்கள். பேசத் தொடங்கியபின் மூவரும் ஒன்றையே மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஒருவரும் மற்றவரைத் திருத்தவில்லை. முடிவில் மூவரும் ஒன்றாகவே கர்த்தரின் கோபத்துக்கு ஆளானார்கள். தன்னோடு ஒத்துப்பாடுகிறவரையே துணைக்குச் சேர்த்துக்கொள்ளும் ஆசிரியர் கூடிக் கற்பிக்கவில்லை. தன் குரலை இரட்டிப்பாக்குகிறார்.

ஆகவே, காணிக்கையை நிறுத்த வேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். காணிக்கையோடு ஒரு கேள்வியையும் அனுப்புங்கள்: "உங்கள் ஆசிரியர்கள் மாணவர்முன் ஒன்றாக அமர்கிறார்களா?" இத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்ற அறிக்கையைவிட, சபைக்கு அந்த விடையே அதிகம் பயன்படும்.

பிறரைக் குறைசொல்லி நான் மட்டும் தப்பித்துக்கொள்வது நேர்மையாகாது. இத்தனை ஆண்டுகளாக வியாழக்கிழமை வேதபாட வகுப்பில் நான் ஒருவனே பேசிவந்திருக்கிறேன். நீங்கள் தலையசைத்தீர்கள், நான் அதைக் கற்றல் என்று எண்ணிக்கொண்டேன். வருகிற வியாழன் முதல் யோபுவின் புத்தகத்தைத் தொடங்குகிறோம். நம் சபையின் செவிலியர் ஒருவரும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் என்னோடு மேசையில் அமர்வார்கள். என்னை இடைமறிக்க அவர்களுக்கு முழு உரிமை கொடுத்திருக்கிறேன். அந்த மூப்பரையும் அன்போடு அழைக்கிறேன். அவருடைய கேள்விதான் என்னை எழுதவைத்தது.

ஜெபம்: எங்கள் ஒரே போதகராகிய ஆண்டவரே, நாங்கள் தனியே சொன்ன விடைகளால் காயப்பட்டுப் போனவர்களை எங்களுக்கு மன்னியும். ஒருவருக்கொருவர் செவிகொடுக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்