நம்ம ஊர் அடுக்கு!



'சாண்ட்விச் வேண்டும்' என்று அடம் பிடிக்கிறீர்களா? அது, 18ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சாண்ட்விச் பிரபு பெயரால் அழைக்கப்பட்ட பலகாரம். நம் சேலத்துக்கும் ஓர் அடுக்குப் பலகாரம் உண்டு; அதுதான் தட்டுவடை செட்!

தட்டுவடையும், சட்னியும் இருந்தால் அடுப்பே வேண்டாம். கைகளைக் கழுவிக் கொள்ளுங்கள். கேரட், பீட்ரூட், வெங்காயத்தைப் பெரியவர்கள் துருவித் தரட்டும். ஒரு தட்டுவடையில் மல்லி, புதினா சட்னியும், இன்னொன்றில் மிளகாய், பூண்டு சட்னியும் தடவுங்கள். நடுவே துருவலை வைத்து மூடினால், செட் தயார்! உடனே சாப்பிட வேண்டும். தாமதித்தால் நமுத்து விடும்.

எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, தினமும் கடைசியில் ஆறிப் போனதைச் சாப்பிடுபவர் அம்மா. அதனால், நீங்கள் செய்யும் முதல் செட்டை, மொறுமொறுப்பு குறையும் முன் அவருக்குக் கொடுங்கள். செய்வீர்கள் தானே?