தண்டனை முடிந்தவருக்குத் திடலில் இடமில்லையா?

“சிறைக்குப் போய்வந்தவனிடம் பிள்ளைகளை விடாதீர்கள், அவன் புத்திதான் அவர்களுக்கும் வரும்.” தண்டனை முடிந்த ஒருவர் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி தர முன்வந்தால், சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்தில் பெற்றோர் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். அச்சம் நியாயமானது. முடிவு தவறு.

ஒன்று: என்ன குற்றம்? சிறுவரிடம் பாலியல் குற்றம் புரிந்தவரைத் திடலுக்குள் விடவே கூடாது. பத்தொன்பது வயதில் அடிதடிக்காக உள்ளே போனவரும் அவரும் ஒன்றா?

இரண்டு: நாகபுரியில் விஜய் பார்சே தொடங்கிய ‘ஸ்லம் சாக்கர்’ அமைப்பைப் பாருங்கள். குற்ற வழக்குகளில் சிக்கியிருந்த அகிலேஷ் பால் அங்கே பந்தாடினார். 2010-இல் ரியோவில் நடந்த வீடற்றோர் உலகக் கோப்பையில் இந்திய அணிக்குத் தலைமையேற்றார். பிறகு சேரிப் பிள்ளைகளுக்கே பயிற்றுநரானார். அவரை ஒதுக்கியிருந்தால் யாருக்கு லாபம்?

மூன்று: தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த வீட்டுப் பையன் மாலையில் எங்கே போவான்? திடலோரம் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி, சிகரெட்டை நீட்டி, “வாடா தம்பி” என்று கூப்பிடும் குண்டர் கும்பல்காரனிடம் எவராவது நற்சான்றிதழ் கேட்டதுண்டா? அந்த அழைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று பையனுக்குச் சொல்ல, போய் மீண்டவரைவிடத் தகுதியானவர் யார்?

கண்காணிப்பு வேண்டும்தான். பின்னணியை விசாரியுங்கள். இன்னொரு பெரியவரும் உடன் இருக்கட்டும். எந்தப் பயிற்றுநருக்கும் இதுதான் விதி. அதைச் செய்துவிட்டு, விசிலை அவர் கையில் கொடுங்கள்.