ஊக்கமொழியும் நன்றிமொழியும்

நெஞ்சில் நல்லெண்ணம் இருந்தால் போதாதா, அதனை வாயால் சொல்லவும் வேண்டுமோ என வினவுவார் பலர். பாராட்டினால் பிள்ளைகள் செருக்குறுவர் என்றும், நெருங்கியவர்க்கு நன்றி கூறுதல் அயன்மை காட்டுவதாகும் என்றும் கருதி வாய் திறவாதிருப்பாரும் உளர். யானும் ஆசிரியப் பணி பூண்ட நாளில் அக்கருத்தினனாகவே இருந்தேன். அது பிழை என்பதே இன்று என் முடிபு.

விருத்தாசலத்தை அடுத்த மங்கலம்பேட்டையில் எனக்குக் கிறித்தவ நண்பர் ஒருவர் உளர். அவர் இல்லத்தில் உணவுக்கு முன் அனைவரும் கண்மூடி இறைவனுக்கு நன்றி கூறுவர். ஒருநாள் யானும் உடன் அமர்ந்திருந்தேன். வழிபாடு முடிந்ததும் நண்பர் தம் மனைவியாரை நோக்கி, "இந்த வெயிலிலும் அடுப்படியில் நின்று சமைத்தாய், உனக்கும் நன்றி" என்றார். அவ்வம்மையாரின் முகம் மலர்ந்தது. "உணவைத் தந்த ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு, ஆக்கிய கைகளை மறக்கலாமா ஐயா?" என்று நண்பர் என்னிடம் கூறினார்.

இப்பண்பு கிறித்தவ மறையில் வேரூன்றியது. பவுலடிகள் திருச்சபைகளுக்கு எழுதிய மடல்களுட் பல நன்றியுரையோடு தொடங்குகின்றன. அவர் முன்னர்க் கிறித்தவர்களைத் துன்புறுத்தியவர். மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது சீடர்கள் அவரை நம்ப அஞ்சினர். பர்னபா என்பவரே அவரைத் திருத்தூதரிடம் அழைத்துச் சென்று, அவர்பொருட்டு நல்லுரை கூறினார். பர்னபா என்னும் பெயருக்கு 'ஆறுதலின் மகன்' என்று பொருள் கூறுவர். பெயருக்கேற்ற செயல் அன்றோ அது!

கிறித்தவர் ஒருவர் மற்றொருவர்க்குக் கூறிய ஊக்கமொழி நம் தமிழுக்கும் நலம் விளைத்ததுண்டு. ஜி. யு. போப் 1839-இல் தமிழகம் வந்த சமயத் தொண்டர். சாயர்புரத்தில் கல்விக்கூடம் நடத்தியபோது கண்டிப்பு மிக்கவர் எனப் பெயர் பெற்றவர். முதுமையில் ஆக்சுபோர்டு நகரத்துப் பேலியல் கல்லூரியில் இருந்தார். ஒரு மாலை, வழிபாட்டிற்குப் பின், கல்லூரித் தலைவரும் கிறித்தவ குருவுமான ஜோவெட் என்பாருடன் முற்றத்தில் உலாவினார். தமிழ்ப் பாடல்களைப் பற்றிப் பேச்சு நிகழ்ந்தது. அவற்றை அச்சிட்டே ஆகவேண்டும் என்றார் ஜோவெட். தமக்குச் சாவா வரம் இல்லையே, அப்பணியோ நெடுங்காலம் கொள்ளுமே எனத் தயங்கினார் போப். ஜோவெட் அவர் தோள்மேல் கைவைத்து, பெரும்பணியொன்றை மேற்கொண்டிருத்தலே நெடிது வாழும் வழி என்றும், பணி முடியும்வரை அவர் வாழ்வார் என்றும் நிலவொளியில் நின்று மொழிந்தார்.

ஜோவெட் 1893-இல் மறைந்தார்; அவர் சொல் மறையவில்லை. 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், தம் எண்பதாம் பிறந்தநாளில், போப் திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையை முடித்தார். சோர்வுற்ற போதெல்லாம் அச்சொல் தம்மை ஊக்கியதை அதில் நன்றியோடு குறித்தார். நம் மாவட்டத்துத் தில்லையில் போற்றப்பெறும் மணிவாசகரின் சைவத் திருநூல் ஆங்கிலத்தில் உலவுதற்கு அம்மாலைப் பேச்சும் ஒரு காரணமாயிற்று. கண்டிப்பு மிக்க பெரியாருக்கும் தோளில் ஒரு கையும், செவியில் ஓர் இன்சொல்லும் வேண்டியிருந்தன என்பதை நோக்குக.

ஊக்கமொழி வேறு, முகத்துதி வேறு. முகத்துதி இல்லாததைக் கூறித் தன்னலம் நாடும். ஊக்கமொழி உள்ளதைக் கூறிப் பிறர் நலம் நாடும். இதனை உணராமல் யான் செய்த பிழையொன்றைச் சொல்வேன். மாணவன் ஒருவன் முதன்முதலாக வெண்பா ஒன்று இயற்றிக் கொணர்ந்தான். தளை தட்டிய ஓரிடத்தைச் சுட்டினேன். எஞ்சிய அடிகள் செவ்வனே அமைந்திருத்தலை உள்ளத்தே வியந்தேன், சொல்லவில்லை. அதன்பின் அவன் பாட்டொன்றும் என்னிடம் கொணர்ந்திலன். குறையைச் சுட்டியது என் கடமை; நிறையைச் சொல்லாதது என் குற்றம்.

திருக்குறளில் 'இனியவை கூறல்' பத்தாம் அதிகாரம். 'செய்ந்நன்றி அறிதல்' பதினோராம் அதிகாரம். இன்சொல்லும் நன்றியும் அடுத்தடுத்து நிற்கின்றன. போப் அவ்விரண்டையும் மொழிபெயர்த்தார். தம் வாழ்விலும் ஒன்றைப் பெற்று, மற்றொன்றைச் செலுத்தினார்.

மாணவர்களே! உங்களுக்கு உணவு சமைத்தவரும், பாடம் விளக்கியவரும், தவறிய நாளின் குறிப்பேட்டைத் தந்துதவிய தோழரும் இன்று உங்கள் அருகில் உள்ளனர். அவர்கள் கேட்கும் காலத்திலேயே நன்றியைக் கூறிவிடுங்கள்.