ரசீது இல்லாத தங்கம்

புதுச்சேரியிலிருந்து வடக்கே, கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு காலாப்பட்டையும் தாண்டிப் போனால், புதுவைச் சர்க்காரின் எல்லை முடிகிற இடத்தில் கனகசெட்டிக்குளம் இருக்கிறது. பெயரில்தான் கனகம். ஊரில் இருப்பதெல்லாம் உப்புக் காற்றும், காயப் போட்ட வலைகளும், கரையேற்றி வைத்த படகுகளும், எல்லையிலே ஒரு சோதனைச் சாவடியுந்தான். அங்கே எனக்குப் பழக்கமான ஒரு கிழவி உண்டு. நான் அவளை ஆயா என்பேன். அவள் என்னைத் தம்பி என்பாள்.

2025ஆம் வருஷம் மே மாதத்தில் அவள் மகனுடைய படகு மோட்டார் பழுதாகிப் போயிற்று. மோட்டார் ஓடாவிட்டால் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் அடுப்பு எரியாது. ஆயா தன் கம்மலையும் சங்கிலியையும் முந்தானையில் முடிந்துகொண்டு ஒரு பாங்கிக்குப் போனாள். அங்கே இருந்த உத்தியோகஸ்தர், "இது உங்களுடையதுதான் என்பதற்கு ரசீது இருக்கிறதா? இனிமேல் கேட்கச் சொல்லி உத்தரவு வரப் போகிறது" என்றாராம்.

"கம்மலு எங்க ஆயா காதுலேருந்து எங்க அம்மா காதுக்கு வந்துது. அம்மா கண்ண மூடுனப்போ என்கிட்ட வந்துது. பொணத்துக்கிட்ட ரசீது எழுதி வாங்கறதா தம்பி?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

நான் பொருளாதார நிபுணன் அல்லன். கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொல்லாமல் இருக்கும்போது, கதை எழுதுகிறவனாவது அதைத் திருப்பிக் கேட்கத்தானே வேண்டும்?

விஷயம் இதுதான். 2025 ஏப்ரலில் ரிஸர்வ் பாங்க் நகைக் கடனுக்கு ஒரு நகல் விதி வெளியிட்டது. அடகு வைக்கிறவர் நகைக்கு உரியவர்தானா என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும். மூல ரசீது இல்லையென்றால் உரிமை எப்படி வந்தது என்று ஒரு பத்திரமாவது தயாரிக்க வேண்டும் என்று அதிலே கண்டிருந்தது. தமிழ்நாட்டு விவசாயிகள் கூக்குரலிட்டார்கள். நிதி அமைச்சு விழித்துக்கொண்டு சிறு கடன்காரர்களை விட்டுவிடச் சொல்லிற்று. ஜூன் 6ஆம் தேதி வந்த முடிவான விதியில், இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் நூற்றுக்கு 85 வரை கொடுக்கலாம் என்று தளர்த்தினார்கள்.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடன் கொடுக்கிறவர்கள் எடையிலும் மதிப்பிலும் செய்கிற தில்லுமுல்லுகள் ஏராளம். ஏலத்தில் நடக்கிற கூத்து அதைவிட ஏராளம். அவர்களுக்குக் கடிவாளம் போட வேண்டியதுதான். என் வழக்கு அதன்மேல் அல்ல. நாட்டில் எங்கே ஒரு கோளாறு நடந்தாலும், முதல் சந்தேகம் ஏன் கிழவியின் காதிலே போய் விழுகிறது என்பதே என் வழக்கு.

இது இன்று நேற்றுப் புத்தி அல்ல. கனகசெட்டிக்குளத்துக்கு நேர் தெற்கே, புதுவையைத் தாண்டி, அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் வீலர் துரை அங்கே தோண்டியபோது ரோமாபுரி வியாபாரத்தின் சின்னங்கள் வெளிப்பட்டன. அந்த வியாபாரம் நடந்த காலத்தில் பிளினி என்கிற ரோமானியப் பிரபு, இந்தியாவும் சீனமும் அரபு தேசமும் வருஷத்துக்குப் பத்துக் கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சுவதாகக் கணக்குப் போட்டு, பழியைப் பெண்களின் ஆடம்பரத்தின்மேல் போட்டான். இரண்டாயிரம் வருஷம் ஆகியும் கணக்கு மாறவில்லை, கணக்கப்பிள்ளைதான் மாறியிருக்கிறான்.

1963 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். சீன யுத்தம் முடிந்த கையோடு, நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டு வந்தார். பதினாலு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது; நகையல்லாத தங்கம் வைத்திருப்பவர்கள் கணக்குக் கொடுக்க வேண்டும். ஜனங்களுடைய தங்க ஆசையை ஓர் உத்தரவால் அணைத்துவிடலாம் என்று நினைத்தார்கள். அணைந்தது எது? பத்தர்களுடைய உலை அணைந்தது. உமியோடும் ஊதுகுழலும் தவிர வேறு தொழில் அறியாத எத்தனையோ பேர் பிழைப்பை இழந்து தெருவில் நின்றார்கள். சிலர் உயிரையே விட்டார்கள். 1966இல் பதினாலு காரட் நிபந்தனையைக் கைவிட்டார்கள். பிறகு 1968இல் சட்டமாகவே இயற்றி, 1990இல் அந்தச் சட்டத்தையும் ரத்துச் செய்தார்கள். இருபத்தேழு வருஷத்தில் கொழுத்தவன் கள்ளக் கடத்தல்காரன் ஒருவனே.

இது நடக்கும் என்று புதுவைக்காரனைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பான். 1949இல் பிரெஞ்சு இந்தியாவுடனிருந்த சுங்க உடன்படிக்கை முடிந்தபிறகு, 1954இல் ஊர் இந்தியாவோடு சேரும்வரை, கடல் வழியே வந்த தங்கம் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்க்கொண்டிருந்த கதை இங்கே தாத்தாக்களுக்கெல்லாம் தெரியும். கோடு போட்டவுடன் அதைத் தாண்டுவதற்கு ஒரு கூலியும் பிறந்துவிடுகிறது.

இனி, வேடிக்கையின் சிகரம். 1991இல் அந்நியச் செலாவணி வற்றிப்போய் நாடு திவாலாகிற நிலைமை வந்தது. அப்போது சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? ஆயா செய்ததைத்தான் செய்தது. கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து வைத்திருந்த இருபது டன் தங்கத்தை ஸ்டேட் பாங்க் மூலமாக ஸ்விட்ஸர்லாந்துக்கு விற்றது, மீட்டுக்கொள்கிற நிபந்தனையோடு. அது போதாமல் ஜூலையில் ரிஸர்வ் பாங்கின் தங்கத்தில் ஏறக்குறைய 47 டன்னை இங்கிலாந்து பாங்கிடமும் ஜப்பான் பாங்கிடமும் அடகு வைத்தது. அடகுக்குப் போன கூட்டத்திலே பொருளாதார மேதைகளும் இருந்தார்கள். ஆபத்துக் காலத்தில் தங்கம் உதவும் என்கிற படிப்பறியாதவள் ஞானத்தை அன்றைக்கு யாரும் கேலி செய்யவில்லை.

சரி, அதன்பிறகாவது தங்கம் வெறும் மஞ்சள் மோகம் என்று நினைத்தார்களா? இல்லை. 2009இல் ரிஸர்வ் பாங்க் சர்வதேச நிதியத்திடம் 200 டன் வாங்கிற்று. 2025 மார்ச் முடிவில் அதனிடம் இருந்தது ஏறக்குறைய 880 டன். உலகத்து மத்திய பாங்குகளெல்லாம் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லாமல் தங்கம் வாங்கிக் குவிக்கின்றன. அவர்கள் வாங்கினால் அதற்குப் பெயர் கையிருப்பு. ஆயா வைத்திருந்தால் அதற்குப் பெயர் முடங்கிய மூலதனம்!

நோட்டை நம்பு என்கிறார்கள். நம்பினோம். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் நூற்றுக்கு 86 பங்கு செல்லாது என்றார்கள். அரிசிப் பானையில் சேர்த்த நோட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் யார்? கறுப்புப் பண முதலைகளா? கடைசியில் அந்த நோட்டுகளில் நூற்றுக்கு 99க்கு மேல் திரும்பி வந்துவிட்டதாக ரிஸர்வ் பாங்கே சொல்லிற்று. அந்த ராத்திரியும் ஆயாவின் கம்மல் செல்லாததாகவில்லை. 1963இல் நூறு ரூபாய்க்குள் இருந்த பவுன் 2025இல் எழுபதினாயிரத்தைத் தாண்டிற்று. தங்கமா வளர்ந்தது? அதன் எடை அதே எட்டுக் கிராம்தான். தேய்ந்தது ரூபாய். அதைத் தேய்த்தவர்களிடம் யார் ரசீது கேட்டார்கள்?

தங்கத்துக்கு நான் பூஜை போடுகிறவன் அல்லன். வெளிநாட்டிலிருந்து டன் கணக்கில் அதை வாங்குவதால் நாட்டின் டாலர் கரைகிறது என்பது மெய். வரதட்சிணைத் தராசில் அதே தங்கத்தை வைத்துப் பெண்களை நிறுக்கிற கொடுமையும் மெய். இதற்கெல்லாம் மருந்து வேண்டும். ஆனால் ஜனங்கள் பதுக்குகிறார்கள் என்றால், அவர்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டாமா? நம்பிக்கையைச் சட்டம் போட்டு வசூலிக்க முடியாது. பணத்தின் மதிப்பைக் காப்பாற்றுங்கள். சிறு சேமிப்புக்கு விலைவாசியைத் தோற்கடிக்கிற வட்டி கொடுங்கள். ராத்திரியில் வானொலிப் பேச்சுப் பேசி ஏழையின் பானையை உடைக்காதீர்கள். அப்புறம் கம்மலைக் கழற்றச் சொல்லுங்கள். அவளே கழற்றிக் கொடுப்பாள்.

முடிவான விதியில் சிறியவர்களுக்குத் தளர்வு கிடைத்தது என்றேன். அது வரும்வரை மோட்டார் காத்திருக்குமா? பாங்கியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே ஆயா ஓர் அடகுக் கடைக்குப் போனாள். அங்கே ரசீது கேட்கவில்லை. மாசத்துக்கு நூற்றுக்கு மூன்று வட்டி மட்டுந்தான் கேட்டார்கள்.

படகு கடலுக்குப் போகிறது. காதுத் துவாரத்தில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு ஆயா கரையில் மீன் பிரிக்கிறாள். ஒவ்வொரு மாசமும் வட்டி கட்டிவிட்டு, அடகுக் கடைக்காரன் கொடுக்கிற துண்டுச் சீட்டைப் பத்திரமாக மடித்து வைக்கிறாள். தன் கம்மலுக்கு அவள் வாழ்நாளில் பெற்ற முதல் ரசீது அதுதான்.